பதினோராவது கேள்வி

(கொல்லங்கோட்டில் ஒரு வாசகசாலையின் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தம் பெயரின் முதலெழுத்தில் கொல்லங்கோட்டைச் சுமந்துகொண்டு உலகமெல்லாம் பாடிய கே. வி. நாராயணசுவாமியையும், இவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராயிருந்து வயல் வரப்புகளில் கவிதையோடு நடந்த பி. குஞ்ஞிராமன் நாயரையும் அறிந்த ஓர் ஊரில், ஒரு வக்கீல் எழுந்து நின்று இன்ஷூரன்ஸ் சட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறான் என்று அறிவித்த பிறகும் இத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பதை என் பேச்சின்மீதுள்ள பிரியம் என்று எண்ணிக்கொள்ளும் அளவுக்கு நான் அப்பாவியல்லன். உங்களில் பலருடைய சட்டைப் பையிலோ, சுருக்குப் பையிலோ, ஒரு மருந்துச் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அச்சீட்டுத்தான் உங்களை இங்கே அழைத்து வந்திருக்கிறது. உடல்நிலையைக் காரணமாகக் காட்டி ஒருவருக்குக் காப்பீடு மறுப்பதும், அதே காரணத்தால் அவரிடம் அதிகப் பணம் கேட்பதும் நியாயமா, அதனைச் சட்டம் எவ்வளவு தூரம் தடுத்திருக்கிறது, எவ்விடத்தில் கைவிட்டிருக்கிறது என்பதே இன்றைய விஷயம்.

சட்டத்துக்குள் நுழையுமுன் என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்ல அநுமதிக்க வேண்டும். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, சித்தூர்க் கோர்ட்டில் நான் இன்னும் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் இளைஞர் என் வீட்டுத் திண்ணைக்கு மருத்துவக் காப்பீட்டு மனுப் படிவங்கள் இரண்டைக் கொண்டுவந்தார்; ஒன்று எனக்கு, மற்றொன்று முதலமடைப் பக்கத்தில் மாந்தோப்புகளைப் பாட்டத்துக்கு எடுத்து வியாபாரம் செய்யும் என் அடுத்த வீட்டு நண்பருக்கு. பெயர், வயது, தொழில் என்று படிவம் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பதினோராவது கேள்வியில் மட்டும் அது தன் குணத்தைக் காட்டிற்று. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு என்று நீண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றுள் ஏதேனும் உமக்கு உண்டா, எப்போதாவது இருந்ததுண்டா என்று அது வினவியது. எனக்கும் நண்பருக்கும் சர்க்கரை உண்டு, இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அந்த இளைஞரோ பேனாவைக் கையில் கொடுத்துக்கொண்டே, "வக்கீல் சார், இந்த இடத்துல 'இல்லை'ன்னு போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார். சாட்சிக் கூண்டில் நிற்பவர்களுக்கு முப்பது வருஷம் சத்தியத்தின் மகிமையைப் போதித்துவிட்டு ஒரு காகிதத்தில் பொய் எழுத மனம் துணியாமல், நான் 'உண்டு' என்று எழுதினேன். நண்பரின் படிவத்தில் இளைஞரே டிக் அடித்துக்கொண்டார்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, அக்காலத்தில் வேறொரு கம்பெனி வேறு விதமாக நடந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஆதாரமில்லை. பத்தே நாளில் எனக்கு மறுப்புக் கடிதம் வந்தது. நண்பருக்குப் பாலிசி வந்தது. மூன்றாம் வருஷம் நண்பருக்கு மார்வலி கண்டு, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, உயிரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் 'எட்டு வருஷமாகச் சர்க்கரை' என்று எந்த டாக்டரோ நல்லெண்ணத்துடன் எழுதி வைத்திருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி பணம் தர மறுத்துப் பாலிசியையும் ரத்து செய்துவிட்டது. அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டிக் கேட்டது இன்னமும் என் காதில் இருக்கிறது: "அண்ணா, உண்மையைச் சொன்னதால உங்களுக்குக் கிடைக்கல; சொல்லாததால எனக்குக் கிடைக்கல; அப்ப யாருக்குத்தான் கிடைக்கும்?"

சட்டப்படி அவருக்கு நான் சொல்லத்தக்க ஆறுதல் குறைவாகவே இருந்தது. காப்பீட்டு ஒப்பந்தம் மற்ற ஒப்பந்தங்களைப் போன்றதன்று. அதில் இரு தரப்பாரும் பூரண நம்பிக்கையோடு எல்லாவற்றையும் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்பது இங்கிலாந்தில் கப்பல் காப்பீட்டுக் காலத்திலிருந்து வந்த கோட்பாடு. சர்க்கரையையும் சிறுநீரக நோயையும் மறைத்துப் பாலிசி எடுத்த ஒருவரின் வழக்கில், மறைத்தது முக்கியமான சங்கதி, ஆதலால் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2009இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நீதிமன்றத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தோன்றிய எண்ணம் ஒன்று இன்றுவரை மாறவில்லை; அதனைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். உடல்நிலையைக் காட்டிப் பாரபட்சம் செய்யலாகாது என்னும் சட்டத்தைக் கருணையின் சட்டம் என்று பலரும் பேசுகிறார்கள். எனக்கு அது சத்தியத்தின் சட்டமாகவே படுகிறது. உண்மையைச் சொல்பவன் நஷ்டமடையாத ஒரு நிலையை உண்டாக்கினாலொழிய, உண்மையைச் சொல்லாதவனைத் தண்டிக்கும் நியாயம் எந்தச் சமூகத்துக்கும் உண்டாவதில்லை.

கம்பெனிகளின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு; அது அற்பமான வாதமன்று. முதலமடையில் கார்த்திகை மார்கழியில் மாமரங்கள் பூக்கும்போது வியாபாரி தோப்புக்குள் நுழைந்து பூவைப் பார்க்கிறான். பூ திரட்சியாயிருந்தால் ஒரு விலை, கருகியிருந்தால் ஒரு விலை, பட்டுப்போன மரமென்றால் விலையே இல்லை. வரப்போகிற காய்ப்பை இன்றைய பூவைக் கொண்டு கணித்துப் பணம் கட்டுகிறவன், பூவைப் பார்க்காமல் விலை சொல்லு என்றால் சிரிப்பான். காப்பீட்டுக்காரரும் அதையே சொல்கிறார்: மனிதனின் உடம்பைப் பார்க்காமல் பிரீமியம் நிர்ணயிக்கச் சொல்லாதீர்.

நம்மூரில் இன்னொரு வழக்கமும் உண்டல்லவா? குறி. சீட்டு என்று கிழக்கே சொல்வதை இங்கே குறி என்கிறோம். இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிறோம். எவருக்கு எப்போது முடை வருகிறதோ அவர் எடுக்கிறார். சேரும்போது உன் வீட்டில் கல்யாணம் வருமா, கூரை ஒழுகுமா, நீ முதல் மாதமே எடுப்பாயா என்று எவரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. எடுத்தவன் தொடர்ந்து கட்டுவானா என்பதற்கு மட்டும் ஜாமீன் கேட்கிறோம். காப்பீடு என்பது தோப்புப் பாட்டமா, குறியா என்பதுதான் இந்த விவகாரம் முழுவதற்கும் அடியில் கிடக்கும் கேள்வி. உலகத்துச் சட்டங்களெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஓரிடத்தில் கோடு கிழித்திருக்கின்றன.

குறியின் பக்கம் சாய்கிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கற்பனையாக ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் எண்ணூறு பேர் ஆரோக்கியமுள்ள இளைஞர், இருநூறு பேர் வயதானவரும் வியாதியஸ்தரும். வருஷத்தில் பத்துப் பேருக்குத் தலைக்கு ஒரு லட்ச ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு, அந்தப் பத்துப் பேரும் இருநூறு பேருக்குள்ளிருந்தே வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு போயிற்று. எனக்கென்ன நோய், நான் ஏன் கட்டவேண்டும் என்று எண்ணூறு பேர் எழுந்து போய்விட்டால், மிஞ்சிய இருநூறு பேர் ஆளுக்கு ஐயாயிரம் கட்டவேண்டும். அவர்களிலும் கொஞ்சம் திடமாயிருப்பவர் விலகுவர். தொகை மேலும் ஏறும். கடைசியில் படுக்கையில் கிடப்பவர்கள் மட்டும் ஒருவர் செலவை ஒருவர் சுமக்க முயன்று எல்லாருமாகச் சேர்ந்து மூழ்குவார்கள். இது வெறும் காகிதக் கணக்கன்று. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யம் 1993இல், நோயாளியென்று எவரையும் மறுக்கலாகாது, எல்லாருக்கும் ஒரே விலை என்னும் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆரோக்கியவான்களைச் சேர்க்க ஒரு வழியும் செய்யவில்லை. தனிநபர் பாலிசிகளின் விலை ஏறி, சேருகிறவர் தொகை சுருங்கிற்று. கென்டக்கியில் 1994இல் அதே மாதிரியான ஒரு சட்டம் வர, கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின.

ஆகையால்தான் 2010ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம், ஒபாமாவின் பெயரோடு ஜனங்கள் சேர்த்துச் சொல்லும் அந்தச் சட்டம், மூன்று கயிறுகளைச் சேர்த்து முறுக்கிற்று. 2014ஆம் வருஷத்திலிருந்து எந்த நோயாளிக்கும் பாலிசியை மறுக்கக் கூடாது. நோயின் பெயரால் ஒரு சல்லிக்காசும் கூடுதலாக வாங்கக் கூடாது, வயதைக் காட்டி மும்மடங்குவரையிலும், புகையிலையைக் காட்டி ஒன்றரை மடங்குவரையிலும் போகலாம். பாலிசி எடுக்காத ஆரோக்கியவானோ அபராதம் கட்டவேண்டும், ஏழைக்கு அரசாங்கம் கைகொடுக்கும். அபராதத்தைப் பிற்பாடு 2019லிருந்து பூஜ்யமாக்கிவிட்டார்கள். அரசாங்கத்தின் கைகொடுப்பு இருந்ததால் கட்டடம் இடிந்துவிழவில்லை. அச்சட்டத்துக்கு முன்னால் அந்நாட்டுத் தனிநபர் காப்பீட்டில் கர்ப்பத்தைக்கூட 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று கணக்கிட்டு மறுத்துவந்தார்கள் என்பதைப் படித்தபோது, பிள்ளைப்பேற்றுக்கு வளைகாப்புச் செய்கிற நாட்டில் பிறந்தவனாகிய எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருந்தது.

நமது நாட்டில் அப்படி ஒரே வீச்சில் செய்யப்பட்ட சட்டம் கிடையாது. இங்கே நியாயம் துண்டு துண்டாக, வியாதி வியாதியாக, வழக்கு வழக்காக வந்து சேர்ந்திருக்கிறது. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவதைப் போல என்று சொன்னால் மரியாதைக் குறைவாகும், ஆனால் பொய்யாகாது. 1986இல் அரசாங்கக் கம்பெனிகள் மெடிக்கிளெய்ம் என்னும் பாலிசியைத் தொடங்கின. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் ஒரு பாலிசி மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே கிடைக்கும் என்றிருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 1995இல், சமத்துவத்தைக் கூறும் அரசியலமைப்பின் 14ஆவது ஷரத்தைக் காட்டி, செல்லாதென்று அறிவித்தது. 2001இல், முன்பு வழக்குத் தொடுத்தார் என்னும் கோபத்தில் ஒருவரின் மெடிக்கிளெய்மைப் புதுப்பிக்க மறுத்த அரசாங்கக் கம்பெனியை அதே நீதிமன்றம் கண்டித்து, அரசுக்குரிய நியாயத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர்கள் நீங்கள் என்று நினைவூட்டியது. இவையெல்லாம் நல்ல அஸ்திவாரங்களே. ஆனால் வக்கீல்கள் உடனே கவனிப்பார்கள்: 14ஆவது ஷரத்து அரசையும் அரசின் அங்கங்களையும் கட்டுப்படுத்தும், 2000த்துக்குப் பிறகு வந்த தனியார் கம்பெனிகளை அது நேரே கட்டுப்படுத்தாது. தனியாரையும் சேர்த்துக் கட்ட வேண்டுமானால் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே வேண்டும்.

அப்படி இரண்டு சட்டங்கள் 2017இல் பிறந்தன. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10ஆம் தேதி அமலுக்கு வந்தது; அதன் மூன்றாம் பிரிவு, அக்கிருமி உள்ளவரென்பதால் காப்பீடு மறுப்பதையோ அநியாயமாக நடத்துவதையோ தடை செய்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவோ, உடல் நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ, அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் தரவேண்டும் என்று எல்லாக் காப்பீட்டாளருக்கும் ஆணையிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மனநலச் சட்டத்தின் ஆணை நேரானது. எய்ட்ஸ் சட்டத்தின் தடைக்கோ ஒரு வால் உண்டு: காப்பீட்டுக் கணித ஆய்வு ஆதரித்தாலன்றி. ஆக்சுவரி என்னும் கணித நிபுணர் ஒருவர் தம் அட்டவணையைக் காட்டி, இன்னாருக்கு இவ்வளவு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் தடை தளர்ந்துவிடும். அந்த அட்டவணையை மனுதாரர் பார்க்க முடியுமா, எந்த வருஷத்துக் கணக்கு அது, கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு முந்திய காலத்ததா, பிந்திய காலத்ததா என்று கேட்கிறவர் யார்? சட்டத்தின் உயிர் இங்கே தலைப்பில் இல்லை, வாலில் இருக்கிறது.

வம்சத்து நோய்களைப் பற்றிய வழக்கு நம் ஜில்லாவுக்கு மிக நெருங்கியது. அட்டப்பாடி மலையில் இருளர் முதலிய பழங்குடியினரிடையே அரிவாள் செல் இரத்தசோகை உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். தாய் தந்தையரிடமிருந்து வருவதே அது, குழந்தை செய்த குற்றம் ஏதுமில்லை. வம்சாவழி நோய்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசிகளில் ஒரு விலக்கு நெடுநாளாக இருந்துவந்தது. இருதயத் தசை தடிக்கும் நோயுடைய ஒருவருக்கு அந்த விலக்கைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டபோது, தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் 2018 பிப்ரவரி 26ஆம் தேதி, தெளிவான வரையறையும் உரிய பரிசோதனையும் இன்றி மரபணுவைக் காட்டிக் காப்பீட்டில் பாரபட்சம் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். அவர் சொன்ன காரணம் எளியது: இருதய நோயும், இரத்த அழுத்தமும், சர்க்கரையும்கூட வம்சத்தோடு உறவுடையவை என்று சொல்லலாமே, அப்படியானால் பாலிசியில் மிஞ்சுவது என்ன? மூன்று வாரத்துக்குள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அவ்விலக்கைப் பாலிசிகளில் சேர்க்கலாகாதென்று கம்பெனிகளுக்கு எழுதியது. வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று.

அதே நீதிபதியின் முன்னே 2022 டிசம்பரில் வேறொரு வழக்கு வந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், காப்பீடு கேட்டு மறுக்கப்பட்டவர். ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி அவருக்குப் பாரபட்சமற்ற நடத்துமுறை உண்டு என்று கூறி, அத்தகையோருக்கான பாலிசிகளை வகுக்கக் கம்பெனிகளைக் கூட்டிப் பேசுமாறு நீதிமன்றம் ஆணையத்துக்குச் சொல்லிற்று. 2023 பிப்ரவரியில் ஆணையம், ஊனமுற்றோர், எச்.ஐ.வி. உள்ளோர், மனநோய் உள்ளோர் ஆகியோருக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பாலிசியாவது வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. கதவு திறந்தது உண்மை. எந்த விலைக்கு என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும்.

இடையில் ஒரு சங்கதி. விஷயத்தைவிட்டு விலகினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வடவன்னூரில் எம். ஜி. ஆருடைய தாயார் வீடு இருக்கிறது. அவர் 1984இல் சிறுநீரகம் பழுதாகி, அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே தமிழ்நாட்டு ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் முதல் மந்திரியாக்கினார்கள். ஏற்கெனவே உள்ள நோய் என்று ஜனங்கள் அவரை விலக்கவில்லை. அதே வருஷம் அவர் சாதாரண மனிதராக ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்திருந்தால் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்திருக்கும்?

இனி, நம்மில் பெரும்பாலோருக்கு நேரே பயன்படும் மாறுதல்களுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பாலிசி எடுக்கும்போது இருந்த நோய்க்குக் கம்பெனி உங்களைக் காக்கவைக்கக்கூடிய காலம் அதிகபட்சம் 36 மாதம். முன்பு அது 48 மாதமாக இருந்தது. ஐந்து வருஷம், அதாவது 60 மாதம், விடாமல் பாலிசியைத் தொடர்ந்தவரிடம், நீ அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தாய் என்று கம்பெனி பிறகு கிளறக் கூடாது. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்கு. இந்தக் காலமும் முன்பு எட்டு வருஷம். முதல் பாலிசி எடுக்க 65 வயதுதான் எல்லை என்று கம்பெனிகள் நிறுத்திவந்த வழக்கத்துக்கும் இவ்விதிகள் இடமில்லாமல் செய்தன. எல்லா வயதினருக்கும், நாள்பட்ட நோயுள்ளவருக்கும் ஏற்ற பாலிசிகளைக் கம்பெனிகள் வைத்திருக்கவேண்டும் என்று அவ்வாண்டு மே மாதத்துச் சுற்றறிக்கை சொல்கிறது. முன் வருஷம் பணம் வாங்கினாய் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. என் நண்பரின் வழக்கு இன்றைக்கு நடந்திருந்தாலும் மூன்றாம் வருஷத்தில் அவர் தோற்றிருப்பார். ஆறாம் வருஷத்தில் நெஞ்சு வலித்திருந்தால் பிழைத்திருப்பார். உயிரின் அதிர்ஷ்டத்தோடு மாதக் கணக்கின் அதிர்ஷ்டமும் சேரவேண்டியிருக்கிறது.

உண்மையைச் சொன்னவர் பக்கத்திலும் நீதிமன்றம் ஓரடி முன்னால் வந்திருக்கிறது. தமக்குச் சர்க்கரை உண்டென்று சொல்லியே வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்தது. கொழுப்புக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லையே என்று கம்பெனி மறுத்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனுதாரரின் உடல்நிலையை அறிந்து, ஆபத்தை எடைபோட்டு, பாலிசியைக் கொடுத்த பிறகு அதே உடல்நிலையைக் காட்டிப் பின்வாங்க இயலாது என்று சொல்லிற்று.

இவ்வளவும் கேட்ட நீங்கள், பிறகென்ன குறை என்று கேட்கலாம். குறை விலையில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் இரண்டாவது கயிறு, நோயைக் காட்டி விலை ஏற்றாதே என்பது, நம்மிடம் இல்லை. உடல்நிலையைப் பார்த்துப் பிரீமியத்தின்மேல் ஏற்றும் கூடுதலுக்கு லோடிங் என்று பெயர். அதனை மனுதாரருக்குத் தெரிவித்துச் சம்மதம் பெறவேண்டும் என்று விதி உண்டு. முழுகிக்கொண்டிருப்பவனிடம் கயிற்றின் விலையைச் சொல்லிச் சம்மதம் கேட்பதை விதிக்கு இணங்கிய செய்கை என்று ஒப்புக்கொள்கிறேன். சமத்துவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 2025 ஜனவரியில் ஆணையம், மூத்தோரின் பிரீமியத்தை வருஷத்துக்குப் பத்துச் சதவீதத்துக்குமேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் தனிநபர் பாலிசிகளுக்கிருந்த பதினெட்டுச் சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிற்று. இரண்டும் வரவேற்கத்தக்கவை, ஆனால் சர்க்கரையுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவேயுள்ள வித்தியாசத்தை இரண்டும் தொடவில்லை. உண்மையின் விலை ஒன்றரை மடங்கு என்றால், பதினோராவது கேள்வியில் பேனா மறுபடியும் 'இல்லை'யை நோக்கித்தான் சாயும்.

விலையிலும் சமத்துவம் சாத்தியமா என்றால், நம் கண்ணெதிரிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். 1948ஆம் வருஷத்துச் சட்டம் தொடங்கிவைத்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவருக்கு, தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், அவர் உடம்பில் என்ன இருக்கிறதென்று எவரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் செய்த ஏற்பாட்டின் வாரிசு அது. கேரள அரசாங்க உத்தியோகஸ்தருக்கும் பென்ஷன்காரருக்கும் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் திட்டத்தில், இருபத்தைந்து வயது குமாஸ்தாவும் எண்பது வயது பென்ஷன் வாத்தியாரும் மாதம் 500 ரூபாய் என்று ஒரே தொகைதான் கட்டினார்கள். முன்பிருந்த நோய்க்கு விலக்கில்லை. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். நல்ல ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இல்லையே என்ற குறையும் கேட்டோம். அது நியாயமான குறை. முணுமுணுப்பு வேறு வகை: எனக்கு நோயில்லையே என்பது. கட்டாயம் இல்லாதிருந்தால் அந்த இளைஞர் எழுந்து போயிருப்பார். மேலே நான் சொன்ன ஆயிரம் பேர் கணக்கு நம் செக்ரட்டேரியட்டிலேயே அரங்கேறியிருக்கும்.

ஏழைகளுக்கோ 2019 ஏப்ரலிலிருந்து காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் இருக்கிறது. சுமார் 42 லட்சம் குடும்பங்கள், குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்ச ரூபாய். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. எழுபது வயதானவருக்கு வருமானம் பாராமல் மத்திய அரசாங்கத்தின் ஏற்பாடு 2024 அக்டோபரில் வந்தது. இடுக்கியில், மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் தமிழ்த் தொழிலாளரின் கதை தனிக் கதை. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று வகுத்தது. கொழுந்து பறிக்கிறவளை உனக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்யும் நாளில் அந்தக் கதவும் மூடிக்கொள்கிறது. நாற்பது வருஷம் குளிரிலும் மழையிலும் மலைச் சரிவில் நின்று தேய்ந்த முழங்காலோடும் நெஞ்சுச் சளியோடும், தன் அறுபதாம் வயதில், முதல் தடவையாக அவள் ஒரு படிவத்தின் பதினோராவது கேள்வியைச் சந்திக்கிறாள்.

ஏழைக்கு அரசாங்கமும், உத்தியோகஸ்தருக்குத் திட்டமும், தொழிற்சாலைக்காரருக்கு ஈ.எஸ்.ஐ.யும் உண்டென்றால், வெளியே நிற்பவர் யாரென்று பார்க்கிறேன்: மாங்காய் வியாபாரி, தறிக்காரர், சிறு கடைக்காரர், சமையல்காரர், ஓட்டுநர், என்னைப்போன்ற சிற்றூர் வக்கீல். இவர்கள் ஏழையென்று சொல்லப் போதிய ஏழையுமல்லர், நோயின் விலையைக் கொடுக்கப் போதிய செல்வருமல்லர். தோப்புப் பாட்டக் கணக்கு முழுவேகத்தோடு இறங்குவது இவர்கள்மீதுதான். இவர்களையும் குறிக்குள் கொண்டுவர வேண்டுமானால், கம்பெனிகளைத் திட்டினால் மட்டும் போதாது. நோயில்லாத வருஷங்களிலும் நாம் எல்லாரும் கட்டவேண்டும், அதற்கு நம் வீட்டு இளைஞரைச் சம்மதிக்க வைக்கவேண்டும். இது கசப்பான மருந்து என்பதால் கம்பெனிகளைத் திட்டும் பேச்சுக்குக் கைதட்டல் அதிகம்.

பணம் மறுக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், பிறகு கொச்சியிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனுக்கும் எழுதுங்கள். அவரிடம் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. என் தொழிலுக்கு விரோதமாகவே இதைச் சொல்கிறேன்.

சென்ற வருஷம் எழுபதாம் வயதில் நான் மறுபடியும் மனுச் செய்தேன். வேறு கம்பெனி, வேறு படிவம், அக்கேள்வி இப்போது ஏழாவதாக வந்திருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதினேன். பாலிசி கிடைத்தது, பிரீமியத்தின்மேல் ஐம்பது சதவீதம் லோடிங், சர்க்கரை சம்பந்தப்பட்டவற்றுக்கு மூன்று வருஷக் காத்திருப்பு. எழுபத்துமூன்று வயதுவரை சர்க்கரை பொறுமையோடிருக்க வேண்டுமென்று அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மாங்காய் வியாபாரியின் மகன், இருபத்தெட்டு வயது, ஒரு குறையுமில்லாத உடம்பு, அதே படிவத்தோடு என் திண்ணைக்கு வந்தான். குடும்பத்தில் யாருக்கேனும் இன்னின்ன நோய் உண்டா என்று ஒரு பத்தி இருந்தது. "அப்பாவுக்குச் சர்க்கரையும் ஸ்டென்டும் இருக்கே, அதை எழுதணுமா பெரியப்பா?" என்றான். எழுது என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தான். அவன் தகப்பனாருக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் அவனுக்குத் தெரியும். பிறகு எழுதினான். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.